வாளின்றிப் பிரிந்த தீவு

ஒரு நாட்டின் ஒரு பகுதி அந்நாட்டை விட்டுப் போரின்றிப் பிரிந்து செல்லக் கூடுமா என்னும் வினா, அரசியலறிஞர்களிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவதாகும். கூடாது என்பாரே மிகுதி. எந்த அரசும் தன் நிலத்தை விட்டுக்கொடுக்க இசையாது. இசையாத அரசிடமிருந்து நிலத்தைப் பெற வாளைத் தவிர வேறு வழியில்லை என்பது அவர்கள் கூறும் காரணம். வரலாற்றின் பெரும்பகுதி அவர்கள் பக்கமே சான்று பகர்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் விதிவிலக்குகள் உண்டு. அவற்றுள் ஒன்று, நம் முன்னோர் பலர் கடை வைத்து வாழ்ந்த மண்ணிலேயே நிகழ்ந்தது. 1965 ஆகஸ்டு 9 ஆம் நாள் சிங்கப்பூர், மலேசியக் கூட்டரசினின்றும் பிரிந்து தனி நாடாயிற்று. ஒரு துப்பாக்கி கூட வெடிக்கவில்லை. அந்த அமைதி எவ்வாறு வாய்த்தது, அதற்கு யார் யார் என்ன விலை கொடுத்தனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் குடும்பங்களுக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து சபுர் சென்றவர்களுக்குப் பினாங்கும் சிங்கப்பூரும் ஒரே தெருவின் இரு முனைகள் போன்றிருந்தன. அண்ணன் பினாங்கில் கடை வைத்திருக்க, தம்பி சிங்கப்பூரில் கணக்கெழுதுவான். நாகப்பட்டினத்தில் ஏறியவர்களை ‘ரஜூலா’ கப்பல் பினாங்கிலும் இறக்கிவிடும், சிங்கப்பூரிலும் இறக்கிவிடும். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும், சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலையும், தெலுக் ஆயர் தெருவிலுள்ள நாகூர் தர்காவையும் எழுப்பியவர்கள் நம் கரையினின்றும் சென்ற சூலியா முஸ்லிம்களே. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றையும் ஆங்கிலேயர் 1826 முதல் ஒரே நிர்வாகத்தில் வைத்திருந்தனர். ஆகவே அவற்றிற்கிடையே ஓர் எல்லைக்கோடு விழும் என்று அக்காலத்து வணிகர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

இணைந்த வரலாறு

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946 இல், ஆங்கிலேயர் இப்பழைய கட்டைப் பிரித்தனர். பினாங்கும் மலாக்காவும் தீபகற்ப மலாயாவோடு சேர்க்கப்பட்டன. சிங்கப்பூர் மட்டும் தனிக் குடியேற்ற நாடாக நிறுத்தப்பட்டது. 1948 இல் மலாயாக் கூட்டரசு அமைந்தபோது பினாங்கின் வணிகர்களுள் ஒரு சாரார் அதிலிருந்து விலகிப் பழையபடி சிங்கப்பூரோடு இணைந்திருக்க விரும்பினர். சுங்கவரியற்ற தம் துறைமுகம் நலிந்துவிடும் என்பது அவர்களது அச்சம். பினாங்கின் மன்றத்தில் 1949 இல் அதற்கான தீர்மானம் கொண்டுவரப்பட்டுத் தோல்வியுற்றது. பின்னர் இலண்டனுக்கு விடுத்த முறையீடும் ஏற்கப்படவில்லை. ஆளுகின்ற அரசு மறுத்தது. கேட்டவர்களிடம் அதை மீறும் வலிமையோ, மீறவேண்டும் என்னும் வேகமோ இல்லை. கோரிக்கை அவ்வளவில் அடங்கிற்று. பினாங்கின் இச்சிறு நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொண்டால் சிங்கப்பூரின் கதை நன்கு விளங்கும்.

மலாயா 1957 இல் விடுதலை பெற்றது. சிங்கப்பூர் 1959 இல் உள்நாட்டுத் தன்னாட்சி பெற்றது. லீ குவான் இயூ தலைமையிலான மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43 ஐ வென்று ஆட்சி அமைத்தது. இயற்கை வளமோ, போதிய குடிநீரோ இல்லாத தீவு தனித்து வாழ இயலாது. மலாயாவோடு இணைவதே உய்யும் வழி என்பது அக்கட்சியின் உறுதியான கொள்கையாக இருந்தது. மலாயாவின் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானோ தொடக்கத்தில் தயங்கினார். பெரும்பான்மை சீனர்கள் வாழும் தீவைச் சேர்த்தால் கூட்டரசின் மக்கள்தொகைச் சமநிலை மாறிவிடும் என்பது ஒரு தயக்கம். ஆயினும் சேர்க்காமல் விட்டால் அத்தீவு பொதுவுடைமையாளர் கைக்குப் போய்விடுமோ என்னும் அச்சம் அதனினும் பெரிதாயிற்று. 1961 மே மாதம் அவர் விரிந்த கூட்டமைப்பு ஒன்றைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். சபா, சரவாக் ஆகிய போர்னியோப் பகுதிகளும் சேர, 1963 செப்டம்பர் 16 ஆம் நாள் மலேசியா பிறந்தது.

இணைப்புக்கு முன், 1962 செப்டம்பர் 1 ஆம் நாள், சிங்கப்பூர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. ஆனால் அந்த வாக்குச் சீட்டில் இணைவதற்கான மூன்று முறைகள்தாம் இருந்தன. இணைய வேண்டாம் என்று சொல்வதற்கு இடமே இல்லை. 71 விழுக்காட்டினர் அரசு பரிந்துரைத்த முறையைத் தேர்ந்தனர். 25 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் எதையும் குறிக்காமல் வெற்றுச் சீட்டைப் போட்டனர். இணையும்போது மக்களிடம் ஒரு கேள்வியாவது கேட்கப்பட்டது. பிரியும்போது அதுவும் கேட்கப்படவில்லை.

கசந்த உறவு

கூட்டரசு அமைந்த நாள் முதலே பூசல்களும் தொடங்கின. சிங்கப்பூருக்குக் கல்வி, தொழிலாளர் நலம் ஆகியவற்றில் பிற மாநிலங்களுக்கில்லாத தன்னுரிமை தரப்பட்டது. அதற்கு ஈடாகக் கூட்டரசு நாடாளுமன்றத்தின் 159 இடங்களில் 15 மட்டுமே அதற்கு ஒதுக்கப்பட்டன. சிங்கப்பூரில் திரட்டப்படும் கூட்டரசு வரிகளில் 60 விழுக்காடு அங்கேயே தங்கும், 40 விழுக்காடு கோலாலம்பூருக்குச் செல்லும் என்பது உடன்பாடு. போர்னியோப் பகுதிகளின் வளர்ச்சிக்குச் சிங்கப்பூர் 15 கோடி வெள்ளி கடன் தரவேண்டும். அதற்கு மாற்றாகத் தடையற்ற பொதுச் சந்தை ஏற்படும் என்பதும் பேச்சு. சந்தை வரவில்லை, கடனும் போகவில்லை. ஒவ்வொரு தரப்பும் மற்றதே முதலில் வாக்குப் பிறழ்ந்தது என்றது.

இதனினும் கொடியது அரசியற் போட்டி. தீவின் மலாய்க்காரர் தொகுதிகளில் துங்குவின் அம்னோ கட்சி 1963 தேர்தலில் தோற்றது. அதற்கு மறுமொழி போல, மக்கள் செயல் கட்சி 1964 ஏப்ரலில் தீபகற்பத்தின் தேர்தலில் இறங்கி ஒரே ஓரிடத்தை வென்றது. ஒருவர் வீட்டில் மற்றவர் கால் வைத்ததாக இரு சாராரும் சினந்தனர். இன உணர்வைத் தூண்டும் எழுத்தும் பேச்சும் பெருகின.

அதன் விளைவு, முஸ்லிம்களாகிய நாம் எண்ணி வருந்தத்தக்க ஒரு நாளில் வெளிப்பட்டது. 1964 ஜூலை 21 ஆம் நாள், பெருமானார் (ஸல்) அவர்களின் பிறந்தநாள் ஊர்வலம் சிங்கப்பூர் வீதிகளில் சென்றுகொண்டிருந்தபோது மலாய்க்காரருக்கும் சீனருக்குமிடையே கலவரம் மூண்டது. மீண்டும் செப்டம்பரில் ஒருமுறை மூண்டது. இருமுறையுமாக 36 பேர் மாண்டனர். 500 பேருக்கு மேல் காயமுற்றனர். அகிலத்திற்கு அருட்கொடையாக வந்தவரின் பெயரால் எடுத்த ஊர்வலம் பிணங்களில் முடிந்தது. தொடங்கியவர் யார் என்பதில் இன்றுவரை இருவேறு கருத்துகள் உண்டு. அரசியல் பூசல் தெருவுக்கு இறங்கினால் என்ன நேரும் என்பதை மட்டும் இரு தலைநகரங்களும் அன்று கண்ணாரக் கண்டன. எனவே சிங்கப்பூர்ப் பிரிவினையில் இரத்தமே சிந்தவில்லை என்று சொல்வது பிழை. சிந்திய இரத்தம் பிரிவுக்கு முந்தியது. மேலும் சிந்தாதிருக்கவே பிரிவு வந்தது எனலாம்.

1965 மே மாதத்தில் எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடி, எல்லா இனத்தவர்க்கும் சமவுரிமையுள்ள மலேசியா வேண்டும் என்னும் முழக்கத்தை எழுப்பின. மே 27 ஆம் நாள் லீ குவான் இயூ நாடாளுமன்றத்தில் மலாய் மொழியிலேயே நீண்ட உரையாற்றி, மலாய்க்காரரின் ஏழ்மையை மொழிச் சலுகை மட்டும் போக்கிவிடுமா என்று வினவினார். அவ்வுரைக்குப் பின் அவரைச் சிறையிலடைக்க வேண்டும் என்னும் குரல் அம்னோவின் ஒரு சாராரிடையே ஓங்கி ஒலித்தது.

முடிவெடுத்தவர்

ஜூன் மாதம் காமன்வெல்த் மாநாட்டுக்காக இலண்டன் சென்ற துங்கு, அங்கே அக்கி நோயால் மருத்துவமனையில் படுத்தார். நோயின் எரிச்சலோடு படுக்கையில் கிடந்த நாள்களில்தான் பிரிவு என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் உறுதிப்பட்டது. பின்னர் நாடாளுமன்றத்தில் அவரே விளக்கியபடி, அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன: ஒன்று, சிங்கப்பூர் அரசின் மீது அடக்குமுறையை ஏவுவது, மற்றொன்று, அதனோடு உறவை அறுத்துக்கொள்வது. முதல் வழி அவருக்கு எளிதில் எட்டக் கூடியதாகவே இருந்தது. படையும் காவல்துறையும் கூட்டரசின் கையில் இருந்தன; விசாரணையின்றிச் சிறைப்படுத்தும் சட்டமும் இருந்தது. அவர் இரண்டாவதையே தேர்ந்தார்.

இதைத் துங்குவின் தனிப்பட்ட நற்குணம் என்று மட்டும் கொள்ளுதல் வரலாறாகாது. அப்போது இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்துப் பகைமைப் போர் நடத்திக்கொண்டிருந்தது. அதைத் தடுத்து நின்றவை பிரிட்டனின் படைகள். அவற்றின் பெருந்தளங்கள் சிங்கப்பூரிலேயே இருந்தன. தேர்தலில் வென்ற ஒரு மாநில அரசைக் கைது செய்து கலைத்தால் பிரிட்டன் முகம் சுளிக்கும் என்பதும், அடக்குமுறை தீவோடு நில்லாது தீபகற்பத்தின் நகரங்களுக்கும் கலவரமாகப் பரவும் என்பதும் அவர் அறிந்தவையே. நற்குணமும் கணக்கும் ஒரே திசையைக் காட்டியபோது அமைதி எளிதாயிற்று.

மறுபுறம், சிங்கப்பூர் முழுவதுமாக வெளியே தள்ளப்பட்டது என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்ததும் பாதி உண்மைதான். சிங்கப்பூரின் நிதியமைச்சர் கோ கெங் சுவீ, ஜூலை மாதத்தில் மலேசியத் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக்கோடு மறைவாகப் பேசி, அரைகுறைத் தளர்வைவிட முழுமையான விலகலே மேல் என்னும் நிலையை எடுத்ததைப் பிற்காலத்தில் வெளிவந்த நேர்காணல்களும் ஆவணங்களும் காட்டுகின்றன. போகச் சொன்னவரும், போக இசைந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்தே அத்தாளை எழுதினர்.

ஆகஸ்டு 7 ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கையெழுத்திட மனமொவ்வாது துன்புற்றவர்களையும் குறிப்பிட வேண்டும். துணைப் பிரதமர் டோ சின் சாய், பேராக்கின் தைப்பிங்கில் பிறந்தவர். பண்பாட்டு அமைச்சர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவின் சிரம்பானில் வளர்ந்த தமிழர். இவர்களுக்குப் பிரிவு என்பது பிறந்து வளர்ந்த மண்ணையும் உறவினரையும் அயல்நாட்டில் விட்டுவிடுவதாகும். வேறு வழியே இல்லை என்று துங்கு தம் கைப்பட எழுதியனுப்பிய கடிதத்தைக் கண்ட பின்னரே அவர்கள் இசைந்தனர். மற்றத் தரப்பிலும் மனக்கசப்பு இல்லாமலில்லை. சிங்கப்பூரை விட்டுவிடலாகாது, அடக்கியாள வேண்டும் என்று வாதிட்ட சையது ஜாஃபர் அல்பார், அம்னோவின் பொதுச் செயலாளர் பதவியைத் துறந்தார்.

ஆகஸ்டு 9 ஆம் நாள் காலை பத்து மணிக்குச் சிங்கப்பூர் வானொலி பிரிவை அறிவித்தது. அதே நாளில் மலேசிய நாடாளுமன்றத்தின் மக்களவை, எதிர்ப்பு வாக்கு ஒன்றுமின்றி, 126 வாக்குகளால் அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. அன்று தொலைக்காட்சிக்காகச் செய்தியாளரிடம் பேசிய லீ குவான் இயூ, இணைப்புக்காகத் தாம் வாழ்நாளெல்லாம் உழைத்ததைச் சொல்லும்போது பேச இயலாது கண்ணீர் விட்டார். விடுதலை நாளில் தலைவர் அழுத நாடு உலகில் அரிது. செப்டம்பர் 21 ஆம் நாள் சிங்கப்பூர் ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினராயிற்று.

தாளில் எழுதிய தண்ணீர்

பிரிவு ஒரு நாளில் முடிந்தது. பங்கீடு முடியப் பல்லாண்டுகள் ஆயின. சிங்கப்பூரின் குடிநீர் ஜோகூர் ஆற்றிலிருந்து, கடற்பாலத்தின் மீது செல்லும் குழாய்கள் வழியே வந்தது. 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் ஜோகூர் அரசோடு செய்துகொண்ட தண்ணீர் ஒப்பந்தங்களை மலேசிய அரசு காத்துநிற்கும் என்னும் உறுதிமொழி பிரிவினை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. மலேசிய அரசமைப்புத் திருத்தச் சட்டத்திலும் இடம்பெற்றது. பிரிந்தவனின் கிணறு பிரியவிட்டவன் வீட்டில் இருக்கிறது. அதில் மண் போடுவதில்லை என்று பிரியும் நாளிலேயே எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். 1961 ஒப்பந்தம் 2011 இல் காலம் முடிந்து நிறைவுற்றது. 1962 ஒப்பந்தம் 2061 வரை செல்லும். அதன்படி நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை நீரெடுக்கலாம். ஆயிரம் காலனுக்கு மூன்று காசு என்ற அன்றைய விலை பற்றி இரு நாடுகளும் பலமுறை கசந்து பேசியுள்ளன. ஆயினும் குழாய் ஒருநாளும் மூடப்படவில்லை.

மற்றவையும் மெல்ல மெல்லவே பிரிந்தன. நாணயம் 1967 இல் தனித்தனியாயிற்று; அதன் பின்னரும் 1973 வரை ஒன்றின் வெள்ளி மற்றதில் சமமதிப்பில் செல்லுபடியாயிற்று. பொதுவாக நடந்த விமான நிறுவனம் 1972 இல் இரண்டாயிற்று. சிங்கப்பூருக்குள் தஞ்சோங் பகார் வரை சென்ற மலாயா இரயிலின் நிலையம் 2011 ஜூன் 30 ஆம் நாளோடு மூடப்பட்டது. அன்றிரவு கடைசி இரயிலை ஜோகூர் சுல்தானே செலுத்திச் சென்றார். கலங்கரை விளக்கம் நிற்கும் ஒரு சிறு பாறைத் தீவு யாருடையது என்னும் வழக்கை இரு நாடுகளும் அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றன. 2008 இல் அது சிங்கப்பூருக்கென்றும், அருகிலுள்ள மற்றொரு பாறை மலேசியாவுக்கென்றும் தீர்ப்பாயிற்று. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் பேசித் தீர்க்கவேண்டிய கணக்குகள் இவை. ஆனால் பேசியே தீர்த்தார்கள்.

இவ்வமைதிக்கு விலை கொடுத்தவர்கள் வேறு சிலர். 1967 முதல் கடற்பாலத்தைக் கடக்கக் கடவுச்சீட்டுச் சோதனை வந்தது. பினாங்கு அண்ணனும் சிங்கப்பூர்த் தம்பியும் இரு நாட்டவராயினர். சிங்கப்பூரில் வாழ்ந்த மலாய்க்காரரின் நிலை இன்னும் நுட்பமானது. ஆகஸ்டு 8 ஆம் நாள் உறங்கப் போகும்போது அவர்கள் மலாய் மக்களுக்குத் தனிநிலையளித்த ஒரு நாட்டின் குடிகள். மறுநாள் விழித்தபோது ஏறத்தாழ 19 இலட்சம் மக்களுள் நூற்றுக்குப் பதினைவர் கூட நிறையாத சிறுபான்மையினர். இந்த மாற்றத்திற்கு அவர்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. புதிய அரசு அவர்கள் மனத்தை ஆற்றச் சில செய்தது. யூசோப் இஸ்ஹாக் என்னும் மலாய்ப் பெருமகன் முதற் குடியரசுத் தலைவரானார். மலாய் தேசிய மொழியாகவும், மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சி மொழிகளாகவும் நின்றன. மலாய்க்காரர் இம்மண்ணின் மைந்தர் என்னும் தனிநிலை அரசமைப்பில் இடம்பெற்றது. 1966 இல் முஸ்லிம் சட்ட நிர்வாகத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1968 இல் இஸ்லாமிய சமயமன்றம் நிறுவப்பட்டது. இவை நிறைவளித்தனவா என்பது வேறு கேள்வி. பிரிவினையால் தனித்து விடப்பட்டோருக்கும் கணக்கில் ஒரு வரி எழுதவேண்டும் என்று கருதப்பட்டதே ஈண்டுக் குறிக்கத்தக்கது.

வேறு மூன்று பிரிவுகள்

சிங்கப்பூர் ஒரு தற்செயலா, அன்றி அதில் பொதுவான விதி ஏதும் உண்டா என்று அறிய, இன்னும் மூன்று பிரிவுகளை அதனருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது நார்வே. 1814 முதல் சுவீடனின் மன்னருக்குக் கீழ் இணைந்திருந்த அந்நாட்டின் நாடாளுமன்றம், 1905 ஜூன் 7 ஆம் நாள் அவ்விணைப்பு முடிந்ததாக அறிவித்தது. மக்களிடம் கேட்டுச் சொல் என்றது சுவீடன். ஆகஸ்டு 13 ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் பிரிவுக்கு ஆதரவாக 3,68,208 வாக்குகளும், எதிராக வெறும் 184 வாக்குகளும் விழுந்தன. இரு பக்கமும் படைகள் திரட்டப்பட்டிருந்த போதிலும், கார்ல்ஸ்டாட் என்னும் ஊரில் பேச்சு நடந்தது. எல்லைக் கோட்டைகளை இடிப்பது, இருபுறமும் படையற்ற நிலப்பகுதி அமைப்பது, எல்லை கடந்து மேயும் கலைமான் மந்தைகளின் மேய்ச்சல் உரிமையைக் காப்பது என்றெல்லாம் உடன்பாடாயிற்று. அக்டோபரில் மன்னர் ஆஸ்கார் தம் உரிமையைத் துறந்தார்.

இரண்டாவது, அரபுலகில் நிகழ்ந்தது. 1958 இல் எகிப்தும் சிரியாவும் இணைந்து ஐக்கிய அரபுக் குடியரசாயின. 1961 செப்டம்பர் 28 ஆம் நாள் சிரியாவின் படையதிகாரிகள் சிலர் அவ்விணைப்பை முறித்தனர். ஜமால் அப்துல் நாசிர் தொடக்கத்தில் படையனுப்ப முனைந்து, பின்னர் அவ்வாணையைத் திரும்பப் பெற்றார். அரபியர் அரபியரைக் கொல்லும் போர் அவ்வளவில் தவிர்ந்தது.

மூன்றாவதை எழுதும்போது கை நடுங்குகிறது. 1970 டிசம்பரில் நடந்த பாகிஸ்தான் பொதுத் தேர்தலில், கிழக்குப் பகுதியின் 162 பொது இடங்களில் 160 ஐ அவாமி லீக் வென்று, நாடு முழுமைக்கும் பெரும்பான்மைக் கட்சியாயிற்று. அது கேட்டது தன்னாட்சி; தேர்தலில் பெற்றது ஆட்சியுரிமை. ஆனால் கூடவேண்டிய பேரவை தள்ளிவைக்கப்பட்டது. 1971 மார்ச் 25 ஆம் நாள் இரவு டாக்காவில் இராணுவம் இறங்கியது. ஒன்பது மாதம் நடந்த கொடுமையில் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தனர். டிசம்பர் 16 ஆம் நாள், தடுக்கப் புகுந்த பிரிவு பன்மடங்கு இழிவோடு நிறைவேறிற்று. கலிமாச் சொன்னவரைக் கலிமாச் சொன்னவர் கொன்ற கதை அது. அங்கே தனித்து விடப்பட்ட உருது பேசும் மக்கள் எந்நாட்டினரும் அல்லாதவராய் முகாம்களில் முடங்கினர். டாக்கா உயர்நீதிமன்றம் அவர்களின் குடியுரிமையை உறுதிசெய்ய 2008 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

இந்நான்கையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை தெளிவாகிறது. பிரிய விரும்புவோரின் பொறுமை மட்டும் அமைதியைத் தருவதில்லை. நார்வேயும் உறுதியாகவே கேட்டது. வங்காளிகளும் முதலில் வாக்குச் சீட்டால்தான் கேட்டனர். வேறுபாடு கேட்டவரிடத்தில் இல்லை, மறுக்கும் ஆற்றல் உடையவரிடத்தில் இருந்தது. சுவீடனும், துங்குவும், நாசிரும் கையிலிருந்த வாளை உறையிலிட்டார்கள். இஸ்லாமாபாத் உருவிற்று. அமைதியான பிரிவு என்பது பெரும்பாலும் வலியவன் எடுக்கும் முடிவாகவே இருக்கிறது.

சட்ட நூல்களின் பார்வை

நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஃபிக்ஹு நூல்களில், ஆட்சித் தலைவருக்குக் கீழ்ப்படிய மறுத்துக் கிளம்பும் கூட்டத்தாரைப் பற்றிய பாடம் ஒன்றுண்டு. இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜ் முதலிய நூல்களில் அதன் வரிசையைக் கவனிக்க வேண்டும். தலைவர் எடுத்த எடுப்பில் போர் தொடுக்கக் கூடாது. நம்பிக்கைக்குரிய, அறிவுள்ள ஒருவரை அனுப்பி, உங்கள் மனக்குறை என்ன என்று வினவ வேண்டும். அவர்கள் ஓர் அநீதியைச் சுட்டினால் அதை நீக்க வேண்டும். ஓர் ஐயத்தைச் சொன்னால் அதைத் தெளிவிக்க வேண்டும். இவ்வளவும் செய்த பின்னரே மற்றவை. இந்நூல்கள் பிரிவினைக்கு உரிமைச்சீட்டு எழுதித் தரவில்லை, ஒற்றுமையையே விரும்புகின்றன. ஆனால் வாளுக்கு முன் கேள்வி என்னும் ஒழுங்கை அவை கட்டாயமாக்கியிருக்கின்றன. 1971 மார்ச்சில் அந்தக் கேள்வி உண்மையான மனத்தோடு கேட்கப்பட்டிருந்தால், அந்நாடு ஒன்றாக நின்றிருக்கலாம். அல்லது உறவு அறாமல் இரண்டாகியிருக்கலாம்.

ஷிர்கத் எனப்படும் கூட்டு வணிகத்தின் பாடமும் ஈண்டு உதவும். ஷாஃபிஈ மத்ஹபில், கூட்டாளிகளுள் எவரும் தாம் விரும்பும்போது கூட்டை முறித்துக்கொள்ளலாம். ஆனால் முறித்தல் வேறு, பங்கிடுதல் வேறு. சரக்கும் கடனும் நேர்மையாகப் பிரிக்கப்பட்ட பின்னரே இருவரும் முகம் பார்த்துப் பேசும் நிலை மிஞ்சும். நம் வணிகக் குடும்பங்கள் இதை நன்கறியும். ஆனால் நாடு என்பது இருவர் வைத்த கடையன்று. கையெழுத்திடாத, கேட்கப்படாத எத்தனையோ பேரின் வாழ்வு அந்தத் தாளில் அடங்கியிருக்கிறது. சிங்கப்பூர்ப் பிரிவின் குறை இங்கேதான் இருக்கிறது. அது இரத்தமின்றி நடந்தது. ஆனால் மக்களுக்குத் தெரியாமல் நடந்தது. நார்வே அவ்வகையில் மேலானது. அங்கே தாளில் கையெழுத்து விழுமுன் எண்ணிக்கை விழுந்தது. அந்த எண்ணிக்கையிலும் பெண்களுக்கு வாக்கில்லை என்பது வேறு.

எனவே தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இவ்வாறு அமையும். ஒரு பகுதி அமைதியாகப் பிரிதல் கூடும். ஆயின் அதற்கு விட்டுக்கொடுப்பவர் முதலில் வாளை உறையிலிட வேண்டும்; தண்ணீர், கடன், குடியுரிமை, வழிப்பாதை ஆகிய அனைத்தும் பிரியும் நாளிலேயே எழுத்தில் வரவேண்டும்; பிரிவினால் சிறுபான்மையாகிவிடும் மக்களுக்குப் பாதுகாப்பு அமைய வேண்டும். இம்மூன்றையும் செய்ய ஆற்றலுள்ள ஓர் அரசு, அதே பொறுமையை முன்னதாகவே காட்டியிருந்தால், பிரிவே தேவைப்படாமல் போயிருக்கவும் கூடும். பிரியும்போது தண்ணீரைப் பற்றி அவ்வளவு நேர்மையாகப் பேசிய இரு தரப்பாரும், சேர்ந்திருந்தபோது சந்தையைப் பற்றியும் வரியைப் பற்றியும் அதே நேர்மையோடு பேசியிருந்தால் 1965 எவ்வாறு முடிந்திருக்குமோ, நாமறியோம். ஜோகூர் நீர் மட்டும் இன்றும் அந்தக் கடற்பாலத்தைக் கடந்து ஓடிக்கொண்டிருக்கிறது.